கழுத்தின் சாய்வு

பிப்ரவரி 4

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நம் பிள்ளைகளின் கல்யாணத்தைப் பற்றிப் பேச முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்தபோது நீங்கள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். “இத்தனை வருஷம் பிள்ளைங்களை மேய்ச்சிருக்கீங்களே டீச்சரம்மா, ஒருத்தன் பொய் சொல்றானா இல்லையான்னு மூஞ்சியப் பார்த்தே சொல்லிடுவீங்களா?” என்றீர்கள். நான் சிரித்து மழுப்பிவிட்டேன். விளையாட்டுக்குக் கேட்டதாக நினைத்தேன். நேற்று நீங்கள் போனில் பேசிய விதத்தைப் பார்த்தால் அன்றைக்கே உண்மையாகத்தான் கேட்டிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது.

இப்போது பதில் சொல்கிறேன். முடியாது. எங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஒரு தடவை தெர்மாமீட்டர் உடைந்தது. வகுப்பு முழுவதும் “நான் இல்லை டீச்சர்” என்றது. அதிகமாக அழுதவள் மேல்தான் எல்லோருக்கும் சந்தேகம். நான் முகங்களை விட்டுவிட்டு மேஜையைப் பார்த்தேன். பாதரசம் உருண்டு போன திசைக்கு எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னல் திறந்திருந்தது. காற்றில் திரைச்சீலை அடித்துத் தள்ளியிருக்கிறது. முகத்தைப் பார்த்திருந்தால் ஒரு பெண்ணைத் தண்டித்திருப்பேன்.

அதனால்தான் இந்தக் கடிதம். போனில் நீங்கள் பாதியில் வைத்துவிட்டீர்கள். நான் மறுபடி கூப்பிட்டால் எடுக்கவில்லை. காகிதத்தை அப்படி வைத்துவிட முடியாது, கையில்தான் இருக்கும்.

நீங்கள் சொன்னதை நான் புரிந்துகொண்டபடி திருப்பிச் சொல்கிறேன், தப்பாக இருந்தால் திருத்துங்கள். உங்கள் மின்சார கிட்டாரை மாப்பிள்ளை போன டிசம்பரில் “கொஞ்ச நாள் வச்சுக்கறேன்பா” என்று கேட்டு வாங்கி வந்தார். அவரிடம் சொந்தமாக ஒன்று இருந்தும் கேட்டார், அதுவே உங்களுக்கு ஆச்சரியம். போன வாரம் பார்சல் வண்டியில் திருப்பி அனுப்பினார், ஒரு வார்த்தை சொல்லாமல். பெட்டியைத் திறந்து வாசித்துப் பார்த்தால் கம்பிகள் எல்லாம் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. அழுத்தினால் விரல் வலிக்கிறது. “யாரோ கை வச்சிருக்காங்க, வேணும்னே வச்சிருக்காங்க” என்றீர்கள். அப்புறம் என் மகளைப் பற்றி ஒன்று சொன்னீர்கள். அதை நான் இங்கே எழுதவில்லை.

மகளும் மாப்பிள்ளையும் என் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறார்கள் என்பதால் நேரே போய்க் கேட்டேன். மாப்பிள்ளை “தெரியல அத்தை” என்றார். மகள் “பார்சல்ல அடிபட்டிருக்கும்மா, வண்டிக்காரங்க தூக்கிப் போடுவாங்க” என்றாள். சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். அவள் துணி மடிக்கிறவள் இல்லை.

இருந்தாலும் முதலில் பொருளைப் பார்ப்போம். கம்பி உயர்ந்து நிற்க இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, விரல் வைத்து அழுத்துகிற நீளக் கழுத்து வில் போல வளைந்திருக்கலாம். இன்னொன்று, கழுத்து நேராகவே இருந்து, உடலோடு சேரும் இடத்தில் சாய்வு மாறியிருக்கலாம். இரண்டும் வேறு வேறு நோய். என் சாப்பாட்டு மேஜையையே எடுத்துக்கொள்ளுங்கள். பல மாதமாக ஆடிக்கொண்டிருந்தது. பலகைதான் வளைந்துவிட்டது என்று நினைத்தேன். கடைசியில் பார்த்தால் ஒரு கால் குட்டை. கீழே கிடந்த ஒரு மரச்சில்லைச் செருகினேன், ஆட்டம் நின்றுவிட்டது. பலகையை இழைக்கக் கொடுத்திருந்தால் மேஜையும் கெட்டிருக்கும்.

கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடுகள்தான் ஃப்ரெட். ஒரு கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்து, நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். பார்த்ததை எழுதுங்கள். நினைத்ததை அப்புறம் எழுதலாம்.

அன்புடன்,
உங்கள் சம்பந்தியம்மா


பிப்ரவரி 11

டீச்சரம்மாவுக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. பாடம் நன்றாக இருந்தது. நான் லிஃப்ட் மெக்கானிக். வருஷக்கணக்கில் ஆள் ஏறி இறங்குகிற பெட்டியைத் தொங்கவிடுகிறவன். சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். நான் சந்தேகப்படாத அன்றைக்கு யாராவது பாதியில் மாட்டிக்கொண்டு மணி அடிப்பார்கள்.

நீங்கள் சொன்னபடி பார்த்தேன். நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்குத்தான் இடைவெளி. கழுத்து வளையவில்லை. ஆனால் மேலே போகப் போக, உடலுக்குப் பக்கத்து ஃப்ரெட்டுகளில், பஸ் டிக்கெட்டை மடித்து மடித்துச் செருகலாம். உடலில் கம்பிகள் வந்து முடிகிற பிரிட்ஜில் கம்பியைத் தாங்குகிற குட்டி இரும்புத் துண்டுகள் இருக்கின்றன அல்லவா, அவற்றைத் திருகி இறக்கலாம் என்று பார்த்தேன். ஏற்கெனவே தரை தட்டிக் கிடக்கின்றன. நான் அப்படி வைப்பவன் இல்லை. ஆக யாரோ இறக்கிப் பார்த்திருக்கிறார்கள். பார்சல் வண்டிக்காரன் அவற்றைத் திருகுகிற ஆலன் கீ வைத்துக்கொண்டு சுற்றுவதில்லை.

இன்னொன்று. கழுத்தை உடலோடு பிடித்திருக்கிற ஸ்க்ரூக்கள் பின்பக்கம் இருக்கின்றன. அவற்றின் தலையில் புதுக் கீறல். தொட்டுப் பார்த்தால் ஒன்றுகூட முழுசாக இறுகவில்லை. இரண்டை விரலாலேயே அசைக்க முடிந்தது.

இதிலிருந்து ஒன்று நிச்சயம். திறந்தது என் மகன் இல்லை. அவன் இடதுகைக்காரன். எழுதுவது, திருகுவது, சுத்தியல் பிடிப்பது எல்லாம் இடது கைதான். கிட்டார் மட்டும் என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டதால் எல்லோரையும் போல இடது கையால் கம்பியை அழுத்தி வாசிப்பான். அந்த இடது கையால் அவன் ஒரு ஸ்க்ரூவை இறுக்கினால் நானே திணறுவேன். சின்ன வயதில் ஊறுகாய் பாட்டிலை மூடிவைத்து அவன் அம்மாவை அழ வைத்திருக்கிறான். அவன் இப்படி லொடலொடவென்று விடமாட்டான்.

அப்படியென்றால் பலமில்லாத கை. உங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் மேல் ஒரு ஸ்க்ரூ டிரைவர் பெட்டி பார்த்தேன், அளவு வாரியாக அடுக்கி வைத்திருந்தீர்கள். ஃபேன் ரெகுலேட்டரைக்கூட நீங்களே கழற்றி மாட்டுவதாகப் பெருமையாகச் சொன்னீர்கள். நேராகவே கேட்கிறேன். திறந்தது நீங்களா, உங்கள் மகளா?

நான் அந்தக் கிட்டாரை இதுவரை திறந்ததே இல்லை. வெளிநாடு போன ஒரு வாத்தியக்காரரிடம் வாங்கினேன். வாங்கினபடியே வைத்திருந்தேன். தினமும் லிஃப்டைப் பிரித்து மேய்கிறவன், இதைத் தொட மட்டும் மனசு வரவில்லை. அது அப்படி இதமாக இருந்தது கைக்கு. அந்த இதம்தான் போய்விட்டது.

கல்யாணத்துக்கு அப்புறம் அவன் எங்கள் இசைக்குழுவை விட்டு நின்றுவிட்டான். சனிக்கிழமை வாசிப்புக்கு வருவதில்லை. கேட்டால் “வேலைப்பா” என்கிறான். யார் சொல்லி நின்றான் என்று எனக்குத் தெரியும் என்று போனில் சொன்னேன். அதை நீங்கள் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. ஆனால் இரண்டாவது கிட்டார் நாற்காலியை இன்றுவரை யாருக்கும் கொடுக்காமல் பிடித்துவைத்திருக்கிறேன். டிரம்ஸ் வாசிக்கிற எங்கள் டமாரம், “அந்த நாற்காலிக்கு மாலை போட்டுரலாமாடா?” என்று வாராவாரம் கேட்கிறான். மார்ச்சில் அந்த நாற்காலிக்கு ஒரு புதுப் பையனை வாசிக்க வைத்துப் பார்க்கலாம் என்று குழுவில் சொல்லியிருக்கிறார்கள். அதுவரைதான் பிடித்துவைக்க முடியும்.

உண்மை தெரியாமல் நான் உங்கள் வீட்டு மாடிப்படி ஏறமாட்டேன்.

இப்படிக்கு,
சம்பந்தி


பிப்ரவரி 15

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

திறந்தது நான் இல்லை. என் பெட்டியில் இருக்கும் ஒவ்வொன்றும் அதனதன் குழியில் இருக்கிறது. இதை நீங்கள் நம்ப வேண்டியதில்லை. நானும் உங்களை முழுசாக நம்பவில்லை. பேரப்பிள்ளை வரப்போகிற நேரத்தில் மாடிப்படி ஏறமாட்டேன் என்பதற்கு ஒரு காரணம் தேடுகிறீர்களோ என்றுகூட நினைத்தேன். நினைத்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் நீங்களும் ஒளிக்கவில்லை.

ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு என் சந்தேகம் உங்களை விட்டு மாடிக்குப் போய்விட்டது. ஏதோ இருக்கிறது சம்பந்தி. நான் படியேறும் சத்தம் கேட்டால் மேலே பேச்சு நிற்கிறது. போன வாரம் மாப்பிள்ளை கையிலிருந்து டம்ளர் விழுந்தது. அதற்கு முந்தைய வாரமும் விழுந்தது. என் மகள், “நான்தாம்மா தட்டிவிட்டேன்” என்றாள். அவள் அப்போது அறையின் அந்தப் பக்கம் நின்றிருந்தாள். வேலையில் ஏதாவது பிரச்சினையா, வேறு ஊருக்குப் போகப் பார்க்கிறார்களா, எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கேட்டால், “உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்மா. பரீட்சை ஹால்ல நிக்கிற மாதிரியே வீட்லயும் நிக்கிற” என்கிறாள்.

அதனால் நாம் பொருளோடு நிற்போம். நீங்கள் பார்த்து எழுதியதில் விஷயம் தெளிவாகிவிட்டது. வளைவு சரி, சாய்வு சரியில்லை. இதை நான் ஒன்பதாம் வகுப்புக்கு விளக்குவது போல விளக்குகிறேன், கோபிக்காதீர்கள்.

ஒரு நீள ஸ்கேலை மேஜை விளிம்பில் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வையுங்கள். மேஜை மேல் இருக்கிற முனைக்கு அடியில் ஒரு தீக்குச்சியைச் செருகுங்கள். அந்த முனை துளி எழும்பும். வெளியே இருக்கிற முனை கீழே தாழும். செருகியது ஒரு குச்சிதான், ஆனால் தூரத்தில் அசைவு பெரிது. உங்கள் கிட்டாரின் கழுத்து அந்த ஸ்கேல். உடலில் அது உட்காரும் குழி, மேஜை. குழியின் உள்ஓரத்தில், அதாவது பிரிட்ஜ் பக்கத்து ஓரத்தில், மெல்லியதாக ஏதாவது இருந்தால் கழுத்தின் அடிமுனை கம்பியை நோக்கி எழும்பும், தலை பின்னால் சாயும். கம்பிக்கும் கழுத்துக்கும் இடைவெளி குறையும், விரலுக்கு இதமாக இருக்கும். அது இல்லாவிட்டால் பிரிட்ஜை எவ்வளவு இறக்கினாலும் போதாது. நீங்கள் சொல்வதும் அதுதானே.

கழுத்தைத் திறந்து குழியைப் பாருங்கள். முதலில் கம்பிகளைத் தளர்த்திவிடுங்கள், இழுத்த கம்பியோடு ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டாம். இத்தனை நாள் மனசு வராமல் திறக்காததை இப்போது திறக்கச் சொல்கிறேன், தெரிகிறது. ஆனால் உங்களுக்கு முன்பே ஒருவர் திறந்துவிட்டார்.

அன்புடன்,
சம்பந்தியம்மா


பிப்ரவரி 21

டீச்சரம்மா,

திறந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டில் மேல் துண்டு விரித்து வைத்துத் திறந்தேன். “ஆபரேஷன் தியேட்டரா இது? தலைமாட்டுல நான் விளக்குப் பிடிக்கணுமா?” என்றாள் வீட்டுக்காரி. பிடிக்கச் சொன்னேன். பிடித்தாள்.

குழிக்குள் ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்று இருந்திருக்கிறது. குழி முழுக்கப் பழசான நிறம். உள்ஓரத்தில் மட்டும் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பட்டை வெளுப்பாக, சுத்தமாக இருக்கிறது. சுவரில் காலண்டர் மாட்டியிருந்த இடம் மாதிரி. கழுத்தின் அடியிலும் அதே அளவுக்கு ஒரு அழுத்தத் தடம். ஒரு பக்கம் அழுத்தம் ஆழம், மறுபக்கம் ஒன்றுமே இல்லாமல் மங்குகிறது. ஒரு ஓரம் தடித்து, மறு ஓரம் காகிதம் போலத் தேய்ந்த மர ஆப்பு. எனக்கு அது தெரியாதா? லிஃப்ட் ஓடுகிற தண்டவாளத்தைச் செங்குத்தாக நிறுத்த அடியில் பேக்கிங் கொடுத்துக் கொடுத்தே என் முதுகு போனது. எனக்கு முன்னால் வைத்திருந்த வாத்தியக்காரர் வைத்த பேக்கிங் அது. அந்த இதம் அவர் செய்துவைத்த இதம். நான் இத்தனை நாள் என் கைராசி என்று நினைத்திருந்தேன்.

சரி. இப்போது உங்கள் முதல் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். நான் எதையும் ஒரு தடவைக்கு மேல் படிப்பேன். “கீழே கிடந்த ஒரு மரச்சில்லைச் செருகினேன், ஆட்டம் நின்றுவிட்டது” என்று எழுதியிருக்கிறீர்கள்.

எந்தக் கீழே? எப்போது? உங்கள் மேஜைக்கால் அடியில் இருப்பது என்ன, டீச்சரம்மா?

உதாரணம் சொல்வதில் ஒரு ஆபத்து உண்டு. கேட்கிறவன் உதாரணத்தையே பிடித்துக்கொள்வான்.

சம்பந்தி


பிப்ரவரி 25

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

என் எழுத்து கோணலாக இருக்கும், மன்னியுங்கள். மேஜை ஆடுகிறது.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் குனிந்து அதை உருவி எடுத்தேன். இப்போது என் எதிரே இருக்கிறது. கட்டைவிரல் அகலம். ஒரு ஓரம் நகத்தின் தடிமன், மறு ஓரம் காகிதம். விளிம்பில் இரண்டு அரைவட்ட வெட்டு, ஸ்க்ரூவுக்கு வழிவிட்டது போல. தச்சு வேலையில் சிதறிய சில்லு என்று நினைத்திருந்தேன். எந்தச் சில்லுக்கும் இத்தனை ஒழுங்கு இருக்காது. இதை நான் கவனித்திருக்க வேண்டும். ஆட்டம் நின்றால் போதும் என்று இருந்துவிட்டேன்.

எங்கே கிடைத்தது என்று கேட்டீர்கள். ஜனவரியில் என் மகளுக்குக் குனியக் கஷ்டமாக இருந்தபோது மாடியை நான்தான் பெருக்கினேன். அவர்கள் கட்டிலுக்கு அடியில், துடைப்பத்தில் வந்தது.

ஆக உங்கள் கிட்டார் திறக்கப்பட்டது என் வீட்டு மாடியில்தான். திறந்தவர் யார் என்று எனக்கு இன்னும் தெரியாது. இந்தச் சில்லைக் கையில் எடுத்துக்கொண்டு மேலே போய்க் கேட்கப் போகிறேன். ஆனால் அதற்கு முன்பே இந்தக் கடிதத்தை ஒட்டித் தபாலில் போட்டுவிடுகிறேன். கேட்ட பிறகு எழுதினால், என் மகளுக்காக வார்த்தையை வளைத்துவிட்டேன் என்று நினைப்பீர்கள். நியாயமாகவே நினைப்பீர்கள்.

சம்பந்தியம்மா


மார்ச் 3

டீச்சரம்மாவுக்கு,

மேலே போகிறேன் என்று எழுதினீர்கள். அப்புறம் ஒரு வார்த்தை இல்லை. தினமும் தபால் பெட்டியைத் திறந்து மூடுகிறேன். முதலில், எல்லோரும் உட்கார்ந்து என்னிடம் என்ன சொல்லலாம் என்று பேசி முடிவெடுக்கிறார்கள் என்று நினைத்தேன். அப்படியே ஒரு கடிதம் எழுதியும் வைத்தேன், காரசாரமாக. அனுப்பவில்லை. காரணம் சொல்கிறேன்.

அந்த ஸ்க்ரூ தலைக் கீறல்கள் என்னைத் தூங்கவிடவில்லை. எல்லாம் ஒரே பக்கம் நழுவியிருந்தன. ஒரு பழைய பலகையில் அதே மாதிரி ஸ்க்ரூக்களை இறக்கி, வேண்டுமென்றே நழுவவிட்டுப் பார்த்தேன். என் கீறல் வேறு பக்கம் விழுந்தது. எத்தனை தடவை செய்தாலும் வேறு பக்கம்தான். அப்புறம் டமாரத்தை வீட்டுக்குக் கூப்பிட்டேன். அவன் இடதுகைக்காரன்.

“என்னடா, கொலைக் கேஸா?” என்றான்.

“திருகுடா. நழுவ விடு.”

“ரெண்டு காபி ஆகும்.”

திருகினான். நழுவவிட்டான். கிட்டாரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே பக்கம். அச்சு அசல்.

ஆக இடது கை. உங்கள் வீட்டில் நீங்கள் வலது கை, மருமகளும் வலது கை. திறந்தது என் மகன்தான். ஆனால் ஸ்க்ரூ லொடலொட. இதை டமாரத்திடம் சொன்னேன். அவன் காபியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

“கேக்கணும்னு இருந்தேன். கடைசியா நம்மகூட வாசிச்சப்ப உன் பையன் சுண்டு விரலைத் தூக்கவே இல்ல. நீ கவனிச்சியா?”

நான் கவனித்தேன். விரல்களை விரித்து அழுத்த வேண்டிய பெரிய பிடிகளை எல்லாம் பாதியாக விட்டான். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். மனசு இங்கே இல்லை, புதுப் பெண்டாட்டியிடம் இருக்கிறது என்று நினைத்தேன். நிகழ்ச்சி முடிந்ததும் எல்லோர் முன்னாலும் சொன்னேன்: “வாசிக்கப் பிடிக்கலேன்னா வீட்லயே இரு.” அவன் இருந்துவிட்டான்.

உங்கள் வீட்டில் விழுந்த டம்ளர்கள். அவன் எந்தக் கையில் டம்ளர் பிடிப்பான் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு லிஃப்டில் சத்தம் வந்தால் அது எங்கிருந்து வருகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். என் பையன் கையை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் உங்கள் மகளைச் சந்தேகப்பட்டேன்.

டீச்சரம்மா, அவன் கைக்கு என்ன?


மார்ச் 7

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

என் மௌனத்துக்குக் காரணம், மாப்பிள்ளை என்னிடம் வாங்கிய வாக்கு. அதைச் சொல்லக்கூட எனக்கு அனுமதி இல்லாமல் இருந்தது. உங்கள் கடிதம் வந்ததும் பிரித்துப் படித்தேன். அவர் கையிலேயே கொடுத்தேன். நின்றபடியே படித்தார். “டமாரம் மாமா பார்த்திருக்காரா” என்றார். அப்புறம் உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தார். நீங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னதை எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தை மட்டும் மூன்றாவது தடவையும் படித்தார். “எழுதுங்க அத்தை. எல்லாத்தையும் எழுதுங்க” என்றார். அதனால் எழுதுகிறேன்.

அன்று சில்லை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மேலே போனேன். நான் ஒன்றும் கேட்கவில்லை. கையை நீட்டினேன், அவ்வளவுதான். அதைப் பார்த்துவிட்டு அவர், “இதுதானா அது?” என்றார். அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது.

இடது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போகின்றன. கல்யாணத்துக்கு முன்பே தொடங்கியிருக்கிறது. முழங்கையில் நரம்பு அழுந்துகிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். அதில் சரியாகாவிட்டால் சின்ன ஆபரேஷன். சரியாகிவிடும் என்று உறுதியாக யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். என் மகளுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். சத்தியம் வாங்கிக்கொண்டாராம். டம்ளரைத் தட்டிவிட்டதாகச் சொன்னது, துணி மடித்தது, வண்டிக்காரர்கள் மேல் பழி போட்டது எல்லாம் அந்தச் சத்தியம்தான். பொய் சொல்லத் தெரியாதவள் சொன்ன பொய்கள், நீங்களே பார்த்தீர்கள்.

உங்கள் கிட்டாரை ஏன் கேட்டு வாங்கினார் தெரியுமா? தன்னுடையதில் கம்பி அழுந்தவில்லை. “அப்பாவோடது பஞ்சு மாதிரி இருக்கும் அத்தை. அதுலயாவது முடியுதான்னு பார்த்தேன்” என்றார். முடிந்திருக்கிறது. முழுசாக இல்லை, ஆனால் சுண்டு விரலுக்கு அழுத்த வந்திருக்கிறது. அந்தச் சந்தோஷத்தில், உங்களுடையது மட்டும் ஏன் இப்படி இதமாக இருக்கிறது, என்னுடையதையும் அப்படியே ஆக்க முடியுமா என்று பார்க்கத்தான் திறந்திருக்கிறார். என் மகள் டார்ச் பிடித்திருக்கிறாள். கழுத்தைத் தூக்கும்போது சில்லு உதிர்ந்து கட்டிலுக்கு அடியில் போனதை இருவரும் பார்க்கவில்லை. குழியைப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. மூடினார்கள். மூடியதும் கம்பி எழும்பிவிட்டது. பிரிட்ஜைத் தரை தட்டும்வரை இறக்கிப் பார்த்தார். இன்னொரு தடவை திறந்து இறுக்கிப் பார்த்தார். கை நழுவியது. உங்கள் பொருளையும் கெடுத்துவிட்டோம், தன்னால் வாசிக்க முடிந்த ஒரே கிட்டாரையும் கெடுத்துவிட்டோம் என்று நினைத்துப் பெட்டியில் வைத்து அனுப்பிவிட்டார்.

“அப்பாகிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே” என்றேன்.

“சொன்னா நாற்காலிய வேற ஆளுக்குக் கொடுத்துடுவார் அத்தை. அவரைப் பொறுத்தவரைக்கும் வாசிக்க முடியாதவன் எதுக்கு?”

நான் அப்போது உங்கள் முதல் கடிதத்தை எடுத்துவந்து, நாற்காலியைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த பகுதியைப் படித்துக்காட்டினேன். மாலை போடுவதைப் பற்றி டமாரம் கேட்டதையும் சேர்த்து. அதற்குத்தான் சிரித்தார். என் மகள் அழுதாள். நான் இரண்டும் செய்யவில்லை, மேஜை ஆடுவதைப் பற்றிப் புகார் சொன்னேன்.

என் மகளைப் பற்றி நீங்கள் போனில் சொன்னதை அவளிடம் நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் அவளுக்குத் தெரியும். நீங்கள் வந்து படி ஏறினால் போதும் என்கிறாள். சுமையோடு ஏறி இறங்க அவளால் இப்போது முடியாது, அதனால் நீங்கள்தான் ஏற வேண்டும். லிஃப்ட் இல்லாத வீடு, தெரிந்ததுதானே.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் மாப்பிள்ளை உங்கள் வீட்டுக்கு வருகிறார். அந்தச் சில்லை ஒரு தீப்பெட்டியில் வைத்துச் சட்டைப் பையில் கொடுத்து அனுப்புகிறேன். தபாலை நம்பவில்லை, உங்களிடமிருந்து தொற்றிக்கொண்டது. புதுப் பையனைச் சனிக்கிழமைக்கு வரச் சொல்லியிருந்தால், இன்னொரு வாரம் தள்ளிப்போடச் சொல்லுங்கள். அதற்கு மேல் நான் கேட்கமாட்டேன். நாற்காலி உங்கள் குழுவுடையது.

மாட்டும் விதம் சொல்கிறேன், உங்களுக்குத் தெரிந்ததாக இருந்தாலும். தடித்த ஓரம் குழியின் உள்பக்கம், பிரிட்ஜை நோக்கி. மெல்லிய ஓரம் வெளியே, தலையை நோக்கி. அரைவட்ட வெட்டுகள் ஸ்க்ரூ ஓட்டைகளோடு சேர வேண்டும். குழியில் தூசி இருந்தால் துடைத்துவிடுங்கள். கம்பியை மாட்டியதும் தாழ்வாக இருந்து ஃப்ரெட்டில் உரசினால், தரை தட்டிக் கிடக்கிற அந்தக் குட்டித் துண்டுகளை மேலே ஏற்றுங்கள். ஏற்ற இடம் கிடைத்துவிட்டது என்றால் சாய்வு சரியாகிவிட்டது என்று அர்த்தம்.

ஒன்று மட்டும். ஸ்க்ரூக்களை நீங்கள் திருகும்போது கழுத்து குழிக்குள் நகராமல் யாராவது அழுத்திப் பிடிக்க வேண்டும். அதற்கு டமாரத்தைக் கூப்பிட வேண்டாம், உங்கள் வீட்டுக்காரம்மாவும் விளக்கோடு ஒதுங்கி நிற்கட்டும். மாப்பிள்ளையைப் பிடிக்கச் சொல்லுங்கள், இடது கையால். நீங்கள் திருகுங்கள்.